கையில் காசில்லாமல் குவானஹுவாத்தோ

கேள்வி இது: "கம்பெனி வேலையாக மெக்ஸிகோவில், கெரெத்தாரோ நகரில் இருக்கிறேன். ஒரு வார இறுதிக்கு குவானஹுவாத்தோ போகலாம் என்று நினைக்கிறேன். பஸ்ஸுக்கும் தங்குவதற்குமே பட்ஜெட் காலியாகிவிடும். டிக்கெட் எதுவும் வாங்காமல் அந்த ஊரில் பார்க்க, ரசிக்க ஏதாவது இருக்கிறதா?"

தாராளமாக இருக்கிறது. மெக்ஸிகோவின் பழைய ஊர்களில் சும்மா சுற்றுவதற்கு இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி இங்கே கட்டடங்களுக்கு வெளியேதான் இருக்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மலை. 16-ஆம் நூற்றாண்டில் வெள்ளி கிடைத்ததும் ஆட்கள் வந்து குவிந்தார்கள், இடம் கிடைத்த சரிவில் எல்லாம் வீடு கட்டினார்கள். மற்ற ஊர்களில் ஸ்பானியர்கள் கோடு கிழித்த மாதிரி போட்ட நேர்த்தெருக்கள் இந்தச் சரிவில் எடுபடவில்லை. ஆகவே இது படிக்கட்டும் சந்துமாக வளர்ந்த ஊர். 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, ஊரோடு சுற்றியுள்ள வெள்ளிச் சுரங்கங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் முதலில் மேலே ஏறி வண்ண வண்ண வீடுகளைப் படம் எடுப்பார்கள். நீங்கள் முதலில் கீழே இறங்குங்கள். ஊருக்கு அடியில் வண்டிகள் ஓடும் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் மேலே இருப்பதெல்லாம் தானாகப் புரியும். இந்த ஊரின் நடுவே ஓர் ஆறு ஓடியது. பள்ளத்தாக்கு குறுகல், மலையில் மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை. 1760-லும் 1780-லும் பெரிய வெள்ளம். ஒவ்வொரு முறையும் மக்கள் தெருவை மேடாக்கி, பழைய கட்டடங்களின் மேலேயே புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். 1905-இல் வந்த வெள்ளம் ஊரையே உலுக்கிப் போட்டது. அதன் பிறகு வெள்ள நீரைத் திருப்பிவிட மலையைக் குடைந்து எல் குவாஹின் என்ற சுரங்கப் பாதையை அமைத்து 1908-இல் திறந்தார்கள். ஆறு அடங்கியது. காலியான பழைய ஆற்றுப் படுகையை 1960-களில் கார் போகும் தெருவாக மாற்றினார்கள். அதுதான் இன்றைய மிகேல் இதால்கோ தெரு, ஊர்க்காரர்களுக்கு 'சுப்தெர்ரானேயா', அதாவது நிலத்தடித் தெரு.

அதில் நடக்கலாம், ஓரத்தில் நடைபாதை உண்டு. மேலே வளைவு வளைவாகத் தெரிவதெல்லாம் பழைய பாலங்களும் வீட்டு அஸ்திவாரங்களும். சில இடங்களில் தலைக்கு மேலே வீடு தெருவைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் ஏதாவது ஒரு படிக்கட்டில் ஏறினால் எந்தச் சதுக்கத்தில் போய் வெளிவருவோம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பாதி வேடிக்கையே அதுதான். செல்போன் வரைபடம் இங்கே திணறும், அதை நம்ப வேண்டாம். வண்டிப் புகை ஒத்துக்கொள்ளாது என்றால் ஞாயிறு விடிகாலையில் போங்கள்.

தெருவை மேடாக்கிய கதைக்குச் சாட்சி ஊர் நடுவிலேயே இருக்கிறது. சான் தியேகோ கோயிலுக்கு அடியில் பழைய மடத்தின் அறைகள் புதைந்து கிடந்தன. இன்று அது ஒரு சின்ன அருங்காட்சியகம், கட்டணம் உண்டு. உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை. கோயிலின் முகப்பு வெளியேதான் இருக்கிறது, ஓர் அங்குலம் விடாமல் செதுக்கிய கல்.

அந்தக் கோயிலுக்கு எதிரே ஹார்தின் தெ லா உனியோன், ஊர் மக்கள் மாலையில் கூடும் பூங்கா. முக்கோண வடிவம் என்பதால் அதை 'சீஸ் துண்டு' என்று கேலியாகச் சொல்வார்கள். சுற்றிலும் நெருக்கமாக வெட்டிவிடப்பட்ட மரங்கள் ஒரு கூரை மாதிரி நிழல் தரும். அவற்றுக்கு அங்கே 'இந்திய லாரல்' என்று பெயர். உண்மையில் நம் ஆல், அரசு குடும்பத்து மரம்தான். அங்குள்ள ஹோட்டல் நாற்காலியில் உட்கார்ந்தால் காபிக்குக் காசு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் காசில்லை. எங்கே உட்கார்ந்தாலும் காதில் விழும் பாட்டு ஒன்றுதான். சில மாலைகளில் நடு மண்டபத்தில் பேண்டு இசையும் இருக்கும்.

பூங்காவின் பக்கத்தில் ஹுவாரெஸ் நாடக அரங்கம். 1870-களில் கட்டத் தொடங்கி, இழுத்து இழுத்து, 1903-இல் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் வந்து திறந்துவைத்தார். கூரையில் கிரேக்கக் கலை தேவதைகளின் சிலைகள், கீழே தூண் வரிசை, அதற்கும் கீழே அகலமான படிகள். அந்தப் படிகள்தான் இந்த ஊரின் இலவச கேலரி. சாயங்காலம் யாராவது ஒரு மைம் கலைஞரோ கோமாளியோ வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். முடிவில் தொப்பி நீட்டுவார்கள். ஒரு மணி நேரம் சிரித்துவிட்டு எழுந்து நழுவுவது நன்றாக இருக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எதற்காவது ஒன்றுக்குக் காசு கொடுத்தே தீருவேன் என்றால், இந்த அரங்கத்தின் உள்ளே பார்க்கக் கொடுங்கள். வெளியே கிரேக்கம், உள்ளே முழுக்க அரபு பாணி அலங்காரம். ஒரு கட்டடத்துக்குள் இப்படி இரண்டு மனசு இருப்பது அபூர்வம்.

சரி, இப்போது மேலே ஏறலாம். சான் மிகேல் குன்றின் உச்சியில் பீப்பிலா என்ற பிரம்மாண்டமான கல் சிலை நிற்கிறது. அரங்கத்தின் பின்னாலிருந்து இழுவை ரயில் போகிறது, அதற்கு டிக்கெட். நடந்து போக, பூங்காவிலிருந்து சோபேன்யா தெருவில் கொஞ்ச தூரம் போய் கல்வாரியோ சந்தில் திரும்பி ஏறுங்கள். 'பீப்பிலாவுக்கு' என்று எழுதியிருக்கும். மூச்சு வாங்கும், உயரம் பழகாதவர்களுக்கு இன்னும் அதிகமாக வாங்கும். நின்று நின்று போங்கள். வழியில் வீட்டு வாசல்களும் பூந்தொட்டிகளும், எப்போதாவது செங்கல் சுமந்து வரும் கழுதையும் எதிர்ப்படும். கார் நுழைய முடியாத சந்துகளில் அவைதான் லாரி. உச்சியில் வெயில் தாழும் நேரத்தில் நிற்க வேண்டும். மஞ்சள் நிறப் பேராலயம், இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய இயேசு சபைக் கோயில், அதற்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் வெள்ளை மதில் என்று மொத்த ஊரும் ஒரே பார்வையில் வந்துவிடும். இருட்டிய பிறகு விளக்குகள் எரியும்வரை இருந்துவிட்டு, ஆட்கள் இறங்கும்போது கூடவே இறங்கிவிடுங்கள்.

அந்தச் சிலை யார் என்பதற்கு அலோந்திகா தெ கிரானாதித்தாஸ் போக வேண்டும். 1798 தொடங்கி 1809 வரை கட்டிய தானியக் கிடங்கு. பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும், ஜன்னல்கள் சின்னச் சின்னதாக மேலே. 1810 செப்டம்பர் 28 அன்று, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பாதிரியார் மிகேல் இதால்கோவின் படை ஊருக்குள் வந்தபோது, ஸ்பானிய அதிகாரிகளும் பணக்காரர்களும் தங்கள் சொத்தோடு இதற்குள் பூட்டிக்கொண்டார்கள். பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி, குண்டு படாமலிருக்க முதுகில் ஒரு கற்பலகையைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து போய், மரக் கதவுக்குத் தீ வைத்தார் என்பது கதை. அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. கிடங்கு இதால்கோ படையின் கைக்கு வந்தது, உள்ளே இருந்தவர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டே இதால்கோ, அவரோடு போராடிய தலைவர்கள் அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் என நால்வரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டு, அவர்களின் தலைகள் இதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் கூண்டில் தொங்கவிடப்பட்டன. 1821-இல் விடுதலை கிடைக்கும்வரை பத்தாண்டுகள் அவை அங்கேயே இருந்தன. இன்று ஒவ்வொரு மூலையிலும் ஒருவர் பெயர் பொறித்திருக்கிறது. வெளியே நின்று கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் நான்கையும் படித்துவிடலாம். மேலே சிலையின் பீடத்தில் 1939-இல் பொறித்த வாசகத்துக்கு, எரிக்க வேண்டிய அலோந்திகாக்கள் இன்னும் இருக்கின்றன என்று பொருள். சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அலோந்திகாவின் உள்ளே அருங்காட்சியகம், கட்டணம் உண்டு. ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மெக்ஸிகோவில் தேசியத் தொல்லியல் நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிமக்களுக்கும், அங்கே வசிக்கும் அனுமதி பெற்ற வெளிநாட்டவர்களுக்கும் இலவசம். கம்பெனி வேலையாக வந்தவர் என்றால் உங்களிடம் குடியிருப்பு அட்டை இருக்கலாம். இருந்தால் ஞாயிறன்று அதை எடுத்துக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட்டும் சுற்றுலா விசாவும் மட்டும் என்றால் நடக்காது. உள்ளே தவறவிடக் கூடாதது மாடிப்படிச் சுவர்களில் ஹோசே சாவேஸ் மொராதோ வரைந்த சுவரோவியங்கள். ஓவியம் என்றதும் இன்னொன்று. தியேகோ ரிவேரா 1886-இல் பிறந்த வீடு பொசித்தோஸ் தெருவில், இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அதுவும் இப்போது கட்டண அருங்காட்சியகம், வாசலைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

அதே தெருவில் தொடர்ந்து நடந்தால் பல்கலைக்கழகத்தின் பெரிய படிக்கட்டு வரும். பச்சை சாயல் கொண்ட கல்லில், கோட்டை மாதிரி, முந்நூறு வயதுக் கட்டடம் போல் தோன்றும். கல்வி நிலையத்தின் வேர் 1732-இல் தொடங்கிய இயேசு சபைப் பள்ளி வரை போவது உண்மைதான், ஆனால் இந்தக் கட்டடம் திறந்தது 1955-இல். நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் மாணவர்கள் உட்கார்ந்து காதலிப்பார்கள், பாடம் படிப்பார்கள். நீங்களும் உட்காரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

கோயில்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியல்தான். ஊருக்குள் இருப்பவற்றில் பேராலயத்துக்குள் ஒரு முறை போய் வாருங்கள்: அங்குள்ள மரத்தாலான மாதா சிலை ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப் 1557-இல் அனுப்பியது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆனால் ஒரே ஒரு கோயில்தான் பார்ப்பேன் என்றால் மேலே மலைமேல் இருக்கும் லா வலென்சியானாவுக்குப் போங்கள். ஊர் மையத்திலிருந்து சில கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் சில பெசோக்கள்; கால் வலிமை இருந்தால் நடக்கவும் செய்யலாம், முழுக்க ஏற்றம். வலென்சியானா சுரங்கம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகிலேயே அதிகம் வெள்ளி தந்த சுரங்கங்களில் ஒன்று. 1803-இல் ஜெர்மன் அறிவியலாளர் அலெக்சாந்தர் வான் ஹும்போல்ட் வந்து இதைப் பார்த்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். சுரங்க முதலாளி, பிறகு பிரபுப் பட்டமும் வாங்கியவர், வாசலிலேயே கட்டிய கோயில் 1788-இல் முடிந்தது. உள்ளே மூன்று பலிபீடங்கள், தரையிலிருந்து கூரைவரை தங்கத் தகடு. அந்தத் தங்கத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய நுரையீரல் போயிற்று என்பதையும் நினைத்துக்கொண்டுதான் பார்க்க முடிகிறது. வெள்ளித் தாதுக் கூடையைச் சுமந்து ஏணியில் ஏறியவர்கள் அவர்கள்.

இந்த வெள்ளிக்கும் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. மெக்ஸிகோ வெள்ளி அகாபுல்கோவிலிருந்து கப்பலேறி மணிலாவுக்குப் போனது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி மெட்ராஸிலிருந்து அதே மணிலாவுக்குப் போனது. துணிக்கு விலையாக வெள்ளி நம் பக்கம் வந்தது. அதில் குவானஹுவாத்தோ மலையிலிருந்து வெட்டியதும் இருந்திருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் பத்துப் பேர் உங்களிடம் சொல்லப்போவது மம்மி அருங்காட்சியகம். என் கருத்து: விட்டுவிடுங்கள். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் போதும். சாந்தா பௌலா கல்லறையில் நிரந்தர இடத்துக்கு அந்தக் காலத்தில் வரி கட்ட வேண்டியிருந்தது. உறவினர்கள் கட்டாவிட்டால் உடலை வெளியே எடுத்தார்கள். 1865-இல் அப்படி எடுத்த ஒரு மருத்துவரின் உடல், வறண்ட கல்லறைப் பெட்டகத்தில் அழுகாமல் காய்ந்து போயிருந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தவைதான் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை. வரி கட்டக் காசில்லாததால் தோண்டி எடுக்கப்பட்ட ஏழைகளைப் பார்க்க இப்போது டிக்கெட். காசில்லாமல் சுற்ற வந்த நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குள் சும்மா போகலாம், அமைதியான இடம், ஊர்க் காட்சியும் உண்டு.

முத்தச் சந்தும் அப்படித்தான், பேர் பெரிது. இரண்டு மாடங்கள் 68 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே. பணக்கார வீட்டுப் பெண், ஏழைச் சுரங்கத் தொழிலாளி, கத்தி எடுத்த அப்பா. முடிவை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மூன்றாவது படியில் நின்று முத்தமிட்டால் ஏழு வருஷம் அதிர்ஷ்டம் என்கிறார்கள். பகலில் போட்டோவுக்கு வரிசை நிற்கும். மாடத்தில் ஏறக் காசு. காலை ஏழு மணிக்குப் போனால் சந்து உங்களுடையது.

இரவில் சான் தியேகோ கோயில் வாசலில் பழைய ஸ்பானிய உடை போட்ட மாணவர் குழுக்கள் கிட்டார், மாண்டலினோடு கூடுவார்கள். இவர்கள் பாடிக்கொண்டே சந்துகளில் கூட்டத்தை அழைத்துப் போவதுதான் 'கயெஹோனியாதா'. அதற்கு டிக்கெட் உண்டு. தொடக்கத்தில் வாசலிலேயே சில பாட்டுகள் பாடி ஆள் சேர்ப்பார்கள், அது எல்லோருக்கும் பொது. அதைக் கேட்டுவிட்டு நின்றுவிடுவது நல்லது. வால் பிடித்துப் போகிறவர்களும் உண்டு, ஆனால் பாடும் மாணவர்கள் பல பேருக்கு அந்த டிக்கெட் காசுதான் படிப்புச் செலவு. 'இலவச' நடைச் சுற்றுலா என்று கூப்பிடுகிறவர்களும் கடைசியில் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. இலவசம் என்று நம்பிப் போகாதீர்கள். ஊர் நுழைவில் 'சுற்றுலாத் தகவல்' என்று பலகை மாட்டிய கூண்டுகளில் பெரும்பாலானவை பயணத் தொகுப்பு விற்கும் கடைகள்.

தேதியை மாற்றிக்கொள்ள முடிந்தால், காசில்லாதவருக்கு இந்த ஊரின் உண்மையான செல்வம் அதன் பண்டிகைகளில்தான். எல்லோரும் அக்டோபரில் நடக்கும் செர்வாந்தினோ கலைவிழாவைச் சொல்வார்கள். 1953-இல் சான் ரோக்கே சதுக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸின் குறு நாடகங்களைத் தெருவில் போட்டதுதான் விதை. 1972-இல் சர்வதேச விழாவானது. அப்போது சதுக்கங்களில் இலவச நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும். ஆனால் தங்குமிடம் கிடைப்பதே கஷ்டம், விலையும் ஏறிவிடும். நாடகத்தில் மிச்சம் பிடித்ததை ரூமில் கொடுப்பீர்கள்.

நான் சொல்வது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி. வியாகுல மாதா நாள், ஊருக்குள் பூக்களின் நாள். விடியும்போதே பூங்காவைச் சுற்றிப் பூக்கடைகள், இளைஞர்கள் பெண்களுக்குப் பூ கொடுத்துக்கொண்டு வட்டம் சுற்றுவார்கள். வீடுகளிலும் அலுவலகங்களிலும் மாதாவுக்கு ஊதா வெள்ளை அலங்காரத்தில் பலிபீடம் வைப்பார்கள். வாசலில் நின்று "மாதா அழுதாச்சா?" என்று கேட்க வேண்டும், அழுதாச்சு என்று சொல்லி உங்களுக்குக் குளிர்ந்த பழச்சாறோ ஐஸோ தருவார்கள். மாதாவின் கண்ணீர் அது. முன்பின் தெரியாதவருக்கும் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களும் தங்கள் சுரங்கங்களில் பலிபீடம் வைத்து, அன்று மட்டும் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கம் இருக்கிறது.

ஜூலை முதல் திங்களன்று ஊர் மேல்கோடியில் பிரெசா தெ லா ஓயா என்ற பழைய அணையின் மதகைத் திறப்பார்கள். ஆற்றுப் படுகையைக் கழுவிவிடத் தொடங்கிய வேலை, இன்று திருவிழா. ஜூலை 31 இஞ்ஞாசியார் திருநாள். அன்று ஊரே லா புஃபா மலைக் குகைக்குச் சாப்பாட்டு மூட்டையோடு ஏறும். மற்ற நாட்களிலும் அந்த மலை ஏறலாம், ஊருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள் அருமை. ஆனால் தனியாகவோ இருட்டும் நேரத்திலோ போகாதீர்கள். அணைப் பக்கம் எந்த நாளும் போகலாம், கீழே மர நிழலோடு பூங்கா இருக்கிறது.

கொஞ்சம் நடைமுறை. பொதுக் கழிப்பறைக்குச் சில பெசோக்கள் சில்லறையாகத் தேவை, நோட்டை நீட்டினால் முறைப்பார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், தங்குமிடத்தில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். தேய்ந்த அடி கொண்ட செருப்பு வேண்டாம். மழை பெய்தால் சந்துக் கற்கள் வழுக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு மேல் மழை வரும். சாப்பாட்டுக்கு இதால்கோ சந்தை: 1910-இல் சுதந்திர நூற்றாண்டுக்குத் திறந்த இரும்புக் கூரைக் கட்டடம், சும்மா பார்க்கவே போகலாம், பசித்தால் பூங்கா ஓரத்து ஹோட்டல்களைவிட மலிவு. பஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இறங்கியதும் டாக்ஸிக்காரர்கள் சூழ்வார்கள், தாண்டிப் போய் 'சென்த்ரோ' (ஊர் மையம்) என்று எழுதிய டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். திரும்பும்போது 'சென்த்ரால்' (பஸ் நிலையம்) என்று எழுதியது.